இசையரங்கில் நமக்கு ஓர் இருக்கை

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கத்தைத் தொடங்கிய இளைஞர் குழுவின் சார்பில் இன்று பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். அன்று இளைஞராக இருந்த நாங்கள் இன்று நரை கண்டுவிட்டோம். தேர்ச்சி பெற்றோர், பட்டம் பெற்றோர், பணியில் அமர்ந்தோர் ஆகியோரைப் பற்றிச் செயலாளர் தம் அறிக்கையில் விளக்கமாகக் கூறிவிட்டார். அவற்றை மீண்டும் கூறி உங்கள் பொழுதைப் போக்க மாட்டோம். ஓர் இசை நிகழ்ச்சியைப் பற்றியும், அதைக் கேட்கச் சென்ற ஒரு ரசிகரைப் பற்றியும் பேச விரும்புகிறோம். கல்விச் சங்கத்தின் விழாவில் கச்சேரிப் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு.

விழா ஏற்பாடுகளைப் பற்றிப் பேசக் குழு கூடியபோது, நம் மாணவர் சிலர் இம்மேடையில் பறை முழக்க இசைவு கேட்டனர். பெரியவர் இருவர் உடனே மறுத்தனர். "அந்தக் கருவியைக் கையிலிருந்து இறக்கி வைப்பதற்காகத்தானே பிள்ளைகளைப் படிக்க வைத்தோம்? படித்து முடித்தபின் அதையே மீண்டும் தோளில் மாட்டிக்கொள்வதா?" என்று அவர்கள் கேட்டனர். அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. கேட்டவர்கள் பட்ட துன்பத்தில் பிறந்த கேள்வி அது. அதற்கு எங்களுக்குத் தெரிந்த விடையை, எங்கள் பட்டறிவிலிருந்தே கூற வந்துள்ளோம்.

நாங்கள் ரசிகர்களாக இருந்து போற்றிய அந்தப் பாடகர் முனைவர் கே.ஏ. குணசேகரன். சிவகங்கை மாவட்டத்தில், இளையான்குடிக்கு அருகிலுள்ள மாரந்தையில் 1955ஆம் ஆண்டு பிறந்தவர். ஒடுக்கப்பட்ட குடும்பத்தில், வறுமைக்கிடையே படித்து முன்னேறியவர். நாட்டுப்புறப் பாடல்களை ஆராய்ந்து நூல்கள் எழுதியவர். ஆராய்ச்சியோடு நின்றுவிடாமல் அப்பாடல்களைத் தாமே பாடி, இடதுசாரி இயக்க மேடைகளிலும் கல்லூரி அரங்குகளிலும் ஒலிக்கச் செய்தவர். 'தன்னானே' என்னும் பெயரில் கலைக்குழு நடத்தியவர். கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' என்னும் பாடல் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் பரவியதற்கு இவர் குரலே பெருங்காரணம். நாங்களும் மனிதரே என்று உலகத்தை நோக்கிக் கூறும் அப்பாடலை, எழுதப் படிக்கத் தெரியாத நம் தாய்மார்களும் அவர் குரலில் கேட்டே மனப்பாடம் செய்தனர்.

நம் புதுச்சேரிக்கு அவர் பேராசிரியராக வந்தார். 1985ஆம் ஆண்டு நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் நிகழ்கலைப் பள்ளி ஒன்று உள்ளதை அறிவீர்கள். தமிழ் நாடக உலகின் தலைமையாசிரியர் என்று போற்றப்பெறும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922ஆம் ஆண்டு இந்நகரிலேயே மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயர் தாங்கிய பள்ளியில் குணசேகரன் பல்லாண்டுகள் நாடகம் கற்பித்தார். தமிழின் முதல் தலித் நாடகம் என்று பலரும் குறிப்பிடும் 'பலி ஆடுகள்' அவர் எழுதியதே. தம் இளமை வாழ்வை 'வடு' என்னும் நூலாக 2005ஆம் ஆண்டு வெளியிட்டார். 2016ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் மறைந்தபோது, நம் வீடுகளில் ஒரு மூத்த உறவினரை இழந்த துயரமே நிலவியது.

இனி ரசிகரைப் பற்றிக் கூறுவோம். அவர் பெயர் இங்கு வேண்டா. நாங்கள் அவரைக் 'கேசட் அண்ணன்' என்றே அழைத்தோம். அந்நாளில் இயங்கிக்கொண்டிருந்த பஞ்சாலை ஒன்றில் அவர் தொழிலாளர். கூலியில் வீட்டுச் செலவு போக எஞ்சிய காசையெல்லாம் ஒலிநாடாக்களுக்கே செலவிட்டார். திருமணமாயினும் மஞ்சள் நீராட்டாயினும் அவருடைய டேப் ரிக்கார்டர் முன்னே போய்விடும். திரைப்படப் பாடல்கள் நான்கு ஒலித்தால் ஐந்தாவதாகக் குணசேகரன் குரல் ஒலிக்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம். நாடா அறுந்தால் நகப்பூச்சினால் ஒட்டுவார். சிக்கினால் பென்சிலைச் செருகிச் சுற்றுவார்.

சங்கம் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1990களின் நடுவில், குணசேகரன் நகரில் பாடப் போகிறார் என்னும் செய்தி வந்தது. கேசட் அண்ணன் மாலை ஷிப்டை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தார். எங்கள் தெருவிலிருந்து எண்மர் புறப்பட்டோம். டெம்போவில் ஏறும் வேளையில் அண்ணன் தம் தந்தையாரையும் கைப்பிடித்து அழைத்து வந்தார். எங்களுக்கு வியப்பு. ஏனெனில் அப்பெரியவர் பாட்டுக் கேட்க எங்கும் செல்பவர் அல்லர். தம் நாற்பதாம் வயதுவரை பறையடித்தவர். தம் ஊரில் பெரிய வீட்டுச் சாவு என்றால் இரவென்றும் மழையென்றும் பாராமல் சென்று, சுடுகாடுவரை அடித்துக்கொண்டே நடந்து, விடிந்தபின் வாயிலுக்கு வெளியே நின்று, எறியப்பட்ட காசைப் பொறுக்கிக்கொண்டு திரும்பியவர். ஒருநாள் போகாமல் இருந்ததற்குப் பட்ட அடியின் தழும்பு அவர் முதுகில் இருந்தது. பிறகு குடும்பத்தோடு புதுவைக்கு வந்து, பறையை ஊரிலேயே விட்டுவிட்டார். மகன் அதைத் தொடவும் அவர் இசையவில்லை.

திறந்தவெளியில் மேடை. முன்னே சில வரிசை நாற்காலிகள்; பின்னே தரையில் விரிப்பு. மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், மீனவர்கள், ஆலைத் தொழிலாளர்கள் எனப் பலரும் கலந்து அமர்ந்திருந்தனர். பெரியவர் வழக்கம்போல் ஓரத்திலேயே நின்றார். தன்னார்வத் தொண்டு செய்துகொண்டிருந்த கல்லூரி மாணவி ஒருவர், "ஐயா, முன்னால் இடம் இருக்கிறது, வாருங்கள்" என்று அழைத்து, நாற்காலி ஒன்றைக் காட்டினார். அவர் தயங்கினார். அண்ணன் தோளைத் தொட்டு அமர வைத்தார்.

கடற்காற்று ஈரமானது என்பதைப் புதுவையில் வாழும் நாம் அறிவோம். ஈரம் ஏறினால் பறையின் தோல் தளரும், ஓசை மங்கும். அதனால்தான் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தித் தோலைக் காய்ச்சுவர். மேடைக்குப் பின்னே இளைஞர்கள் தீ மூட்டிப் பறைகளை வாட்டுவது தெரிந்தது. பிறகு மேடையேறி முழக்கத் தொடங்கினர். ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி. மறு கையில் மெல்லிய மூங்கிற் சிம்பு. முதற் சுற்று முடியும் முன்னரே பெரியவர் முகம் சுளித்தார். அவருக்கு மனம் நொந்துவிட்டது என்று அஞ்சினோம். அவரோ மகன் பக்கம் சாய்ந்து, "மூணாவது பையனோட தோலு இன்னும் காயல. இன்னொரு வாட்டு வாட்டணும்" என்றார்.

நண்பர்களே, அந்த ஒரு சொல்லை நாங்கள் இன்றும் மறக்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஏவலுக்கு அடித்த ஒருவர், அன்றுதான் நாற்காலியில் அமர்ந்து, அக்கலையின் நிறை குறைகளை அறிந்த வல்லுநராகக் கருத்துரைத்தார். நாகசுரக் கச்சேரியில் முன்வரிசையில் அமர்ந்து தலையசைக்கும் மூத்த ரசிகருக்கு என்ன மதிப்பு உண்டோ, அதே மதிப்பு அக்கணத்தில் அவருக்கு உரியதாயிற்று. சிறிது நேரத்தில் அவரே எழுந்து மேடையின் பின்புறம் சென்றார். அவ்விளைஞர்களிடம் தீயை எவ்வளவு தொலைவில் வைக்க வேண்டும், விரலால் தட்டி எவ்வாறு பதம் பார்க்க வேண்டும் என்று காட்டிவிட்டு வந்தார். அடுத்த சுற்றில் அந்த மூன்றாவது பறை கணீரென்று பேசியது.

அதன்பின் குணசேகரன் பாடினார். தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எனப் பலவும் பாடி, ஒவ்வொன்றும் எவரால், எந்த வேலையின் நடுவே பாடப்படுவது என்பதை வகுப்பில் விளக்குவதுபோல் விளக்கினார். நம் பாட்டிமார் நாற்றங்காலில் குனிந்தபடி பாடியவை, ஆராய்ச்சிக்கு உரிய பொருளாக, கைதட்டலுக்கு உரிய கலையாக ஒலித்தன. இறுதியில் 'மனுசங்கடா' தொடங்கியபோது கூட்டம் முழுவதும் எழுந்துவிட்டது. பெரியவர் மட்டும் எழவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டு அமர்ந்தே இருந்தார்.

நிகழ்ச்சி முடிந்தபோது டெம்போக்கள் ஓடவில்லை. கடலூர்ச் சாலை வழியே முதலியார்பேட்டையைக் கடந்து, அரியாங்குப்பத்துப் பாலம்வரை நடந்தோம். வழி நெடுகிலும் பேச்சு. "அவர் டாக்டர் பட்டம் வாங்கியவராம், ஆனாலும் பறை பக்கத்தில் நின்று பாடுகிறாரே" என்றார் எங்களுள் ஒருவர். "அதனால்தான் பாடுகிறார்" என்றார் கேசட் அண்ணன். பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தவேண்டும் என்னும் எண்ணம் முதன்முதலில் வாய்விட்டுக் கூறப்பட்டது அந்நடையில்தான். அது சங்கமாக உருப்பெறச் சில ஆண்டுகள் பிடித்தன.

இசையை யார் கேட்கலாம், எங்கு அமர்ந்து கேட்கலாம் என்பது நம் நாட்டில் என்றும் சாதியின் கேள்வியாகவே இருந்துள்ளது. நம் நகரத்து வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளது. புதுச்சேரி மாதா கோயிலுக்குள் ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. ஒருபுறம் பறையர் கிறித்தவர், மறுபுறம் ஏனையோர். ஒரே ஆண்டவர், ஒரே வழிபாடு, ஒரே பாடல், நடுவிலோ சுவர். பறைச்சேரி மக்கள் திரண்டு சென்று முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது. அதைப் பொறாத ஏனையோர் கிளர்ச்சி செய்தனர் என்பதையும் அந்நாட்குறிப்பே கூறுகிறது. ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன்னரே நம் முன்னோர் சமமான இடம் கேட்டுத் தெருவில் இறங்கினர் என்பது நம் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தியாகும்.

இக்கொடுமை நம் நாட்டோடு நிற்பதன்று. அமெரிக்க நாட்டில் மரியன் ஆண்டர்சன் என்னும் கறுப்பினப் பாடகிக்கு, 1939ஆம் ஆண்டில், தலைநகர் வாஷிங்டனில் இருந்த பெரிய இசையரங்கம் ஒன்று நிறத்தின் பொருட்டு மறுக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள், லிங்கன் நினைவகத்துப் படிகளில் நின்று அவர் பாடினார். திறந்தவெளியில் ஏறத்தாழ 75,000 பேர், கறுப்பரும் வெள்ளையரும் கலந்து நின்று கேட்டனர். அரங்கம் மறுக்கப்பட்டவர்க்கு ஒரு நாட்டின் தலைநகர் வெளியே அரங்கமாயிற்று.

இனிப் பெரியவர்களின் கேள்விக்கு வருவோம். பறையைக் கைவிட வேண்டும் என்போர் கூறுவதில் உண்மை உண்டு. டாக்டர் அம்பேத்கர் மகர் மக்களின் ஊர் ஊழியம் அடிமைத்தனமே என்று கண்டார். 1928ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் அவ்வூழிய முறையை மாற்றுவதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். சாவுக்குப் பறையடிக்க மறுத்துத் தமிழகத்துச் சிற்றூர்களில் நம் மக்கள் நடத்திய போராட்டங்களும் அவ்வழியில் வந்தவையே. அப்படி மறுத்தவர்கள் அடியும் ஊர்விலக்கமும் கண்டனர். கட்டாயத்திற்கு அடிக்க மாட்டோம் என்னும் உறுதியில் நாம் இன்றும் என்றும் தளரக்கூடாது. எவர் வீட்டுச் சாவுக்கும் நம் பிள்ளை ஏவலாகச் செல்லக்கூடாது.

ஆயினும் இழிவு கருவியில் இல்லை. நம் கையை முறுக்கி அதை அடிக்கச் செய்த ஏவலில் உள்ளது. தொல்காப்பியம் நிலத்திற்குரிய கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை எண்ணுகிறது. புறநானூறு பறையனையும் பாணனையும் சிறந்த குடிகளுள் வைத்துப் பேசுகிறது. பறைதல் என்னும் சொல்லுக்கே சொல்லுதல் என்பது பொருள். செய்தி சொல்லும் கருவியாக இருந்ததைச் சாவுக்கு மட்டும் உரியதாக்கி, அடிப்பவனைத் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கியவர்கள் நாம் அல்லோம். அவர்கள் சூட்டிய இழிவை ஏற்றுக்கொண்டு நாமே கருவியை வெறுப்போமாயின், அவர்கள் தீர்ப்புக்கு நாமே கையொப்பம் இட்டவர்கள் ஆவோம்.

காலம் மாறி வருவதற்கும் சான்றுகள் உள்ளன. 2018ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. பறையும் கானாவும் கிட்டாரும் ஒரே மேடையில் ஒலிக்க, இளைஞர் கூட்டம் நின்று கேட்டது. 2025ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதுப் பட்டியலில் நம் புதுச்சேரித் தவில் கலைஞர் பி. தட்சணாமூர்த்தியும், மதுரை மாவட்டத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானும் ஒருசேர இடம்பெற்றனர். கோயிலுக்குள் ஒலித்த தவிலும், கோயில் தெருவுக்குள்ளும் விடப்படாத பறையும் ஒரே பட்டியலில் நின்றதை நம் மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். விருதினால் மட்டும் சாதி ஒழிந்துவிடாது. ஆனால் கலையைக் கலையாக மதிக்க நாடு கற்றுக்கொள்ளும்போது, நாம் பின்தங்கிவிடக் கூடாது.

ஆகவே சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, பறை முழக்கம் நம் மாணவ மாணவியர் விரும்பிக் கற்கும் கலையாக மட்டுமே இருக்கட்டும். சாவு வீட்டிற்கோ ஊர் ஊழியத்திற்கோ அவர்களை எவரும் அழைக்கக் கூடாது என்பதைச் சங்கம் எழுத்தில் தீர்மானமாக்க வேண்டும். இரண்டாவது, நம் தெருக்களில் இன்றும் தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த மூதாட்டியர் உள்ளனர். ஒவ்வொரு மாணவர் கையிலும் உள்ள கைப்பேசியில் அவர்கள் குரலைப் பதிவு செய்து, பாடியவர் பெயரையும் ஊரையும் குறித்துச் சங்க நூலகத்தில் சேர்க்க வேண்டும். கேசட் அண்ணன் பென்சிலைச் சுற்றிக் காத்ததை நாம் இழந்துவிடலாகாது. மூன்றாவது, 'வடு' நூல் நம் மாலை வகுப்பில் படிக்கப்பெற வேண்டும். பாடியவர் எவ்வாறு படித்தார் என்பதை நம் பிள்ளைகள் அறியட்டும்.

அன்பார்ந்த பெரியோர்களே! விழாக் குழு இறுதியில் மாணவர்களுக்கு இசைவு அளித்துள்ளது. இக்கூட்டத்தின் முடிவில் அவர்கள் முழக்குவார்கள். எவரும் ஏவி அவர்கள் வரவில்லை. எவரும் காசு எறியப் போவதுமில்லை. மறுத்துரைத்த பெரியவர் இருவருக்கும் முன்வரிசையில் நடு இருக்கைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவர்கள் அங்கே அமர்ந்து கேட்க வேண்டும். தோல் காயாவிட்டால் அதையும் எடுத்துரைக்க வேண்டும். கேட்டபின்னும் அவர்கள் கருத்து மாறவில்லையெனில், அதையும் இதே மேடையில் கூற அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அவ்வாறு விவாதித்து முடிவெடுக்கும் திறனையே இவ்விருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கம் நமக்குக் கற்பித்தது.

கல்வி வளர்க! கலை ஓங்குக! சமத்துவம் மலர்க!